பதினெட்டாம் பெருக்கும் ஒரு பொட்டலம் சாயமும்

சொந்தக்காரர் வீட்டு விருந்தில் தொழில் பேசக்கூடாது. டாக்டர்களுக்கு இது தெரியும். பேசினால், பாயசம் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் வேட்டியை விலக்கி முழங்காலைக் காட்டிவிடுவார். வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. நான் திருச்சியில் ஒரு தனியார் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் இருக்கிறேன். ஊர் ஊராகப் போய் பாட்டிலில் தண்ணீர் மொண்டு வந்து, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்கும் வேலை. அதைப் பற்றி அதுவரை யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் அம்மாவே, "பையன் ஏதோ லேப்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

ஆகவே, என் தங்கை தமிழரசியின் கல்யாணம் முடிந்து சம்பந்தி வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவளுடைய மாமனார் "எங்க ஊரு தண்ணி கெட்டுப்போச்சு தம்பி" என்று ஆரம்பித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு சொந்தக்காரர் என் பாடத்திலிருந்து கேள்வி கேட்டிருந்தார்.

அவர் பெயர் கோவிந்தராசு. நான் மாமா என்று கூப்பிடுவேன். கும்பகோணத்துக்குக் கிழக்கே, காவிரியிலிருந்து பிரியும் ஒரு வாய்க்கால் கரையில் அவர்கள் ஊர். ஊருக்கு மேற்கே, வாய்க்காலை ஒட்டி, பக்கத்து நகராட்சியின் குப்பைக் கிடங்கு. (எந்த நகராட்சி என்று சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் நான் இன்னும் பஸ்ஸில் போய் வருகிறேன்.) குப்பைமேடு மழையில் ஊறினால் அடியிலிருந்து கறுப்பாக ஒரு டிகாக்ஷன் இறங்கும். அதைப் பிடிக்க ஒரு பள்ளம் வெட்டி, பிளாஸ்டிக் ஷீட் விரித்து, சுற்றிலும் மண்கரை போட்டிருந்தார்கள். அந்தக் கறுப்பு எப்படியோ வாய்க்காலுக்கு வருகிறது என்பது மாமாவின் புகார். கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. வடித்த சோறு மஞ்சளாக இருக்கிறது. நாற்றங்கால் ஒரு பக்கமாகக் கருகிவிட்டது. என் தங்கை வாழப்போன வீடு அது. அந்த மஞ்சள் சோறுதான் அப்போது என் இலையிலும் இருந்தது.

"கிடங்குக்காரங்க என்ன சொல்றாங்க மாமா?"

"அங்க சேகர்னு ஒரு சூப்பர்வைசர் இருக்கான். எங்க பள்ளத்துலேருந்து ஒரு சொட்டு வெளில போவாது, இது ரைஸ்மில் தண்ணிங்கறான். மில்லுக்காரரு குப்பைத் தண்ணிங்கறாரு. கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துல போயி சொன்னா, ஆதாரம் இருக்கான்னு கேக்கறாங்க. தண்ணிக்கு என்னாத்த ஆதாரம் காட்டுறது?"

"இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல மாமா. பள்ளத்துல கொஞ்சம் சாயத்தக் கலந்தாப் போதும். அது வாய்க்கால்ல வந்தா கசிவு, வராட்டி இல்ல. ஒரே வாரத்துல சொல்லிடலாம்."

மாமா என் தோளைத் தட்டி, எனக்கு இன்னொரு அப்பளம் போடச் சொன்னார். அந்த அப்பளத்தை நான் சாப்பிட்டிருக்கக் கூடாது.

ஏனென்றால் ஆனிக் கடைசியில், ஊரார் விடாமல் போட்ட மனுக்களின் பலனாக, அந்தக் கசிவைச் சோதிக்கும் வேலை கலெக்டர் ஆபீஸிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கே வந்துவிட்டது. மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "உங்க சம்பந்தி ஊருதானே, நீங்களே போங்க. வழி கேக்குற வேலை மிச்சம்" என்றார். சாயப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "ஒரு டீஸ்பூன் போதும்" என்றும் சொன்னார். அதை நான் கேட்டேன். கேட்டது நன்றாக நினைவிருக்கிறது.

இந்தச் சாயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உலர்ந்திருக்கும்போது குங்குமப்பூ நிறத்தில் சாதுவாக இருக்கும். ஈரம் பட்டால் கிளிப்பச்சை. சிட்டிகை அளவு போதும், ஒரு குளத்துக்கே அடையாளம் வைத்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. கண் ஆஸ்பத்திரியில் கண்ணிலேயே விடுகிறார்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரைந்து போனாலும் எங்கள் கருவி கண்டுபிடித்துவிடும். எனவே ஊருக்குத் தெரியாமல் ஊரைச் சோதிக்கலாம் என்பதே இதன் பெருமை. இந்தப் பெருமையை இந்தியாவிலேயே முழுதாகக் குலைத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

நான் தேர்ந்தெடுத்த நாள் ஆடி பதினேழு. அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஆடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தங்கையை, பதினெட்டாம் பெருக்கன்று சீர்தட்டோடு கொண்டுபோய் விடுவது அண்ணனின் கடமை. (ஊருக்கு ஊர் முறை மாறும். அவர்கள் வீட்டு முறை இது.) முதல் நாளே போய்ச் சாயத்தைப் போட்டுவிட்டால், ஒரே பயணத்தில் அரசாங்க வேலையும் ஆயிற்று, சீர் வேலையும் ஆயிற்று. தங்கையைச் சம்பந்தி வீட்டுக்கு முந்தின நாளே கூட்டிப் போகக் கூடாது என்பதால், அம்மாவும் அவளும் கும்பகோணத்தில் சித்தி வீட்டில் தங்கினார்கள். நான் நேரே குப்பைக் கிடங்குக்குப் போனேன்.

கணக்கெல்லாம் பக்காவாகப் போட்டிருந்தேன். கரை களிமண். களிமண்ணில் தண்ணீர் நகர்வது எவ்வளவு மெதுவாக என்று ஒரு சூத்திரம் உண்டு. அதன்படி சாயம் வாய்க்காலைத் தொட வாரக்கணக்கில் ஆகும். பெருக்கு முடிந்து, சீர் முடிந்து, மிச்ச முறுக்கும் தீர்ந்து, நிதானமாகத் திரும்பி வந்து பாட்டிலில் மொண்டுகொள்ளலாம் என்று திட்டம்.

சேகர் கிடங்கு வாசலிலேயே நின்றிருந்தார். நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். நான் பொட்டலத்தைப் பிரித்ததும் செல்போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார்.

"எதுக்குங்க வீடியோ?"

"நாளைக்கு நீங்க சாயமே போடலன்னு யாராவது சொல்லிடக் கூடாதுல்ல சார். எங்களுக்கும் ஆதாரம் வேணும்." பிறகு போனைப் பார்த்து, "பாத்துக்கங்க, இந்தா சார் சாயம் போடறாரு. இந்தப் பள்ளத்துலேருந்து ஒரு சொட்டு வெளில போவாது" என்று ஒரு விளக்கமும் கொடுத்தார்.

நான் டீஸ்பூனால் அளந்து போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. பள்ளம் தார் மாதிரி கறுப்பு. அதில் பச்சை எங்கே தெரியும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் சேகர் போனைத் தாழ்த்திவிட்டு, "என்னா சார், போட்டதே தெரியல?" என்றார்.

இந்த இடத்தில் என் படிப்பு விலகிக்கொண்டது. என் ரத்தம் முன்னால் வந்தது. நான் நெல் விளைகிற வீட்டுப் பிள்ளை. யூரியா மூட்டையில் ஏக்கருக்கு எவ்வளவு என்று அச்சடித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. "கொஞ்சம் கூடப் போட்டா கொறஞ்சா போயிடும்" என்று அப்பா ஒரு கை அள்ளி வீசுவார். பயிர் மறுநாளே பச்சையாகி நிற்கும். நான் இன்னொரு டீஸ்பூன் போட்டேன். பிறகு இன்னொன்று. பிறகு டீஸ்பூனைப் பையில் வைத்துவிட்டு, பொட்டலத்தை இடக்கையில் அணைத்துக்கொண்டு, கரைமேல் நடந்தபடியே வலக்கையால் அள்ளி வீசினேன், யூரியா தெளிக்கிற அதே வாகில். காற்று எதிரே அடித்தது. பொட்டலம் காலியானதும், பயிருக்கு உரமிட்ட திருப்தி எனக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிளம்பும்போது தூறல் ஆரம்பித்தது. வியர்த்த கையைப் பார்த்தேன். பச்சை.

சித்தி வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன், பச்சை கூடியது. எலுமிச்சம்பழம் தேய்த்தேன், பளபளப்பும் சேர்ந்துகொண்டது. சித்தி மண்ணெண்ணெய் கொடுத்தார். பச்சையோடு மண்ணெண்ணெய் நாற்றமும் மிஞ்சியது. தமிழரசி வந்து பார்த்தாள்.

"என்னாண்ணே இது?"

"ஆபீஸ் வேல."

"நாளைக்கு இந்தக் கையோடயா சீர்தட்டு தூக்கப்போற?"

"தட்டுக்கு அடிலதானே கை இருக்கப்போவுது."

இரவு முழுக்க மழை பெய்தது. நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை சீரோடு போய் இறங்கியபோது, எல்லோரும் காவிரிக்குக் கிளம்பத் தயாராக இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மேட்டூரில் நிறையத் திறந்துவிட்டதால் ஆற்றில் இறங்கவிடாமல் போலீஸ் கயிறு கட்டியிருக்கிறதாம். "அதுக்கென்ன, நம்ம வாய்க்கால்ல வர்றதும் காவிரித் தண்ணிதான். ஊரே அங்கதான் போவுது" என்றார். சூத்திரத்தை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். வாரக்கணக்கில் என்றுதான் மறுபடியும் விடை வந்தது. நிம்மதியாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

வாய்க்கால் இருகரை தொட்டுச் செம்மண் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. படித்துறை முழுக்கக் கூட்டம். வாழையிலையில் மஞ்சள் பிள்ளையார், காதோலை, கருகமணி, காப்பரிசி, பழம். பக்கத்தில் தூக்குத் தூக்காகப் புளியோதரையும் தயிர்சாதமும். அந்தப் பக்கத்து ஊர்களில் கல்யாண மாலைகளைத் தூக்கி எறிய மாட்டார்கள். காய்ந்தாலும் பத்திரமாக மாட்டி வைத்திருந்து, முதல் பெருக்கில் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து தண்ணீரில் விடுவார்கள். தமிழரசியும் மாப்பிள்ளையும் சருகாகிப்போன மாலைகளோடு கடைசிப் படியில் நின்றார்கள். இழுப்பு அதிகமாக இருந்ததால் மாமா வெள்ளை வேட்டியும் வெள்ளைத் துண்டுமாக இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அணைப்பாக நின்றுகொண்டார்.

மாலைகள் மிதந்தன. குலவைச் சத்தம் எழுந்தது. அப்போதுதான் கரையை ஒட்டிப் பச்சையாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு வந்தது.

"எந்தப் பொடவைடி சாயம் போவுது?" என்றார் ஒரு அம்மா.

பெண்கள் எல்லோரும் குனிந்து அவரவர் முந்தானையைப் பார்த்துக்கொண்டார்கள். பச்சைப் புடவை கட்டியிருந்த ஒருவர் மட்டும், "இது கோ-ஆப்டெக்ஸ்ல எடுத்தது, போவவே போவாது" என்று யாரும் கேட்காமலே சொன்னார். கோடு பட்டையாயிற்று. பட்டை அகலமாயிற்று. என் சூத்திரத்துக்கு வாரங்கள் தேவைப்பட்ட தூரத்தை, சாயம் ஒரே ராத்திரியில் கடந்து, ஊருக்கு முன்னால் வந்து நின்றது. சற்று நேரத்தில் வாய்க்கால் முழுக்கக் கிளிப்பச்சை. வெயில் பட்டதும் அது ஜொலிக்க வேறு செய்தது.

தங்கையின் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடும் ராசாத்தி அம்மாள், பச்சையில் மிதக்கும் மாலைகளைப் பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். புது மருமகள் வந்த முதல் பெருக்கு. அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. தமிழரசி தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் நிலைமையைக் காப்பாற்றியது. "பச்சையம்மா வந்துருக்காடி. நம்ம வாய்க்கால்ல எறங்கி வந்துருக்கா."

அவ்வளவுதான். கைகள் குவிந்தன. கற்பூரம் ஏற்றினார்கள். ராசாத்தி அத்தையின் முகமும் மாறியது. மருமகள் கால் வைத்த நேரம் அம்மனே வந்திருக்கிறாள் என்றால் அதைவிட என்ன வேண்டும். அவளை இழுத்து அணைத்து நெற்றியில் குங்குமம் வைத்தார். நான் தட்டுக்கு அடியில் கையை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டேன். பேசாமல் இருந்தால் போதும். தங்கைக்குப் பெருமை, எனக்கு வேலை, அம்மனுக்குப் பூசை. இப்படி எல்லாருக்கும் நல்லதாக ஒரு விபத்து முடிவது அபூர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ராசாத்தி அத்தை சொம்பைத் தண்ணீரில் முக்கினார். வீட்டுக்குக் கொண்டுபோக. அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் குடத்தையும் தூக்குச் சட்டியையும் முக்கினார்கள். அத்தை சொம்பிலிருந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, "மொதல்ல நீ குடி கண்ணு" என்று என் தங்கையிடம் நீட்டினார்.

சாயம் கெடுதல் இல்லை. ஆனால் சாயம் தனியாக வரவில்லையே. குப்பைமேட்டின் டிகாக்ஷன் எந்த வழியாக வருமோ அதே வழியாக, அதோடு சேர்ந்துதான் வந்திருக்கிறது. அது இன்றைக்குத்தான் வருகிறது என்றும் இல்லை. இவ்வளவு நாளும் வழியைக் காட்டாமல் வந்துகொண்டிருந்திருக்கிறது.

"குடிக்காதீங்க அத்த. அது அம்மன் இல்ல. நான்தான்."

நான் சொன்ன வாக்கியம் சரியாக அமையவில்லை என்பது எனக்கே தெரிந்தது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஒரு பெரியவர் என் அம்மாவிடம், "தம்பிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அம்மா என்னைத் தெரியாதவர் போல வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கையக் காட்டு" என்றாள் தமிழரசி.

தட்டைக் கீழே வைத்தேன். தேங்காய், பழம், வெற்றிலைக்குப் பக்கத்தில் என் இரண்டு கைகளையும் நீட்டினேன். வாய்க்காலில் என்ன நிறமோ அதே நிறம். அம்மனின் சாயல் அவ்வளவு கச்சிதமாக எந்த மனிதன் மேலும் இறங்கியிருக்காது. விஷயத்தை எல்லாம் சொன்னேன்: பள்ளம், பொட்டலம், டீஸ்பூன், டீஸ்பூனுக்குப் பிறகு நடந்தது. யூரியா தெளித்த மாதிரி தெளித்தேன் என்றபோது கூட்டத்தில் இருந்த ஆண்கள் தலையாட்டினார்கள். அந்த ஒரு விஷயம் மட்டும் அவர்களுக்கு நியாயமாகப் பட்டது.

கற்பூரம் அணைந்துவிட்டிருந்தது. பச்சைப் புடவைக்காரர் என்னை முறைத்தார். கோவிந்தராசு மாமா மட்டும் இன்னும் தண்ணீரிலேயே நின்றார். இடுப்புக்குக் கீழே வேட்டியும், நனைந்த துண்டும் பச்சை. என்னைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"தம்பி, இந்தச் சாயத்த நீங்க வேற எங்கயாச்சும் போட்டீங்களா?"

"இல்ல மாமா. பள்ளத்துல மட்டும்தான்."

"மில்லுப் பக்கம் போவல?"

"போவல மாமா."

"அப்ப இது வந்துருக்குன்னா, அங்கேருந்துதான் வந்துருக்கு."

"ஆமா மாமா."

அவர் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினார். "யாரும் எறங்காதீங்க. மொண்டதக் கொட்டுங்க. புள்ளைங்கள மேல தூக்குங்க" என்றார். ஒருவர் சொன்னதற்காக ஒரு படித்துறையே காலியானதை அன்றுதான் பார்த்தேன். புளியோதரையை வீட்டில் வைத்துச் சாப்பிட்டோம். யாரும் என்னிடம் பேசவில்லை. அத்தை எனக்குக் கரண்டியை எட்ட நீட்டியே பரிமாறினார்.

துண்டைத் துவைக்க மாமா விடவில்லை. வெயில் பட்டால் இந்த நிறம் வெளுத்துவிடும் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். உடனே அதை அத்தையின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே பீரோவில் வைத்துப் பூட்டினார். அத்தை இரண்டு நாள் அவரோடும் பேசவில்லை.

அந்த மாத விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். சாட்சிக்கு என்னையும் இழுத்துப்போனார். எங்கள் பக்கத்தில் பச்சைத் துண்டு என்றால் விவசாயச் சங்கத் தலைவர் என்று அர்த்தம். வாசலில் இருந்த ஊழியர் எழுந்து வணக்கம் வைத்து, மாமாவை முன்வரிசையில் மைக்குக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அதுவரை பின்வரிசைத் தூணுக்குப் பக்கத்தில்தான் அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது.

மைக் வந்ததும் மாமா எழுந்தார். "ஐயா, இது சங்கத்துத் துண்டு இல்லிங்க. வெள்ளத் துண்டு. எங்க வாய்க்கால்ல முக்குனேன், இப்புடி ஆயிடுச்சு. போன தடவ ஆதாரம் கேட்டீங்க."

சேகர் அங்கே இருந்தார். சாயத்தைக் கடையில் வாங்கி வாய்க்காலிலேயே கொட்டியிருப்பார்கள், பள்ளத்தில் போட்டதை யார் பார்த்தது என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து மாமாவின் ஊர்க்காரர் ஒருவர் செல்போனைத் தூக்கிக் காட்டினார். சேகர் தாம் எடுத்த வீடியோவை அன்றைக்கே தமது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். ஊர்க்காரர் எடுத்து வைத்திருந்தார். "இந்தப் பள்ளத்துலேருந்து ஒரு சொட்டு வெளில போவாது" என்று சேகரின் குரல் கூட்டம் முழுக்கக் கேட்டது. திரையில் நான் கரைமேல் நடந்து நடந்து யூரியா தெளித்துக்கொண்டிருந்தேன். கலெக்டர் மறுபடியும் ஒருமுறை போடச் சொன்னார். அது ஆதாரத்துக்காகவா, வேறு ஏதாவது காரணத்துக்காகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கரையை வெட்டிப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் ஷீட் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. கிழிசலுக்குப் பின்னால் கரைக்குள்ளே நண்டு வளைகள், இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வருகிற மாதிரி. என் கணக்கில் களிமண் இருந்தது, சரிவு இருந்தது. நண்டு இல்லை. சின்ன வயதில் எங்கள் வரப்பில் கைவிட்டு நண்டு பிடித்து, ரசம் வைத்துக் குடித்து வளர்ந்தவன் நான்.

ஆய்வகத்தில் வாய்க்கால் தண்ணீரைக் கருவியில் வைத்தபோது எண்ணே வரவில்லை; அளவுக்கு மீறிவிட்டது என்று மட்டும் காட்டியது. மேலாளர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த மெஷின் இப்புடிக்கூட சொல்லும்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்" என்றார். அதன்பிறகு என்னை அனுப்பும்போதெல்லாம் சாயத்தை அவரே டீஸ்பூனால் அளந்து, மடித்துத்தான் கொடுக்கிறார்.

கரையைப் புதிதாகக் கட்டினார்கள். கிணறு தெளிய வெகுகாலம் பிடித்தது. அதுவரை லாரித் தண்ணீர்தான். இப்போது சோறு வெள்ளையாக இருக்கிறது. ஆனால் ராசாத்தி அத்தை என்னை முழுதாக மன்னிக்கவில்லை. ஒவ்வொரு பெருக்குக்கும் நான் சீரோடு படித்துறைக்குப் போனால், தட்டை வாங்குமுன், "கையக் காட்டுங்க தம்பி" என்பார். நான் காட்டுவேன். உள்ளங்கை, புறங்கை இரண்டும். பிறகுதான் எல்லோரும் இறங்குவார்கள்.

தமிழரசியின் மகளுக்கு இப்போது நாலு வயது. அவள் பிறந்ததிலிருந்து இதைத்தான் பார்க்கிறாள். காதோலை, கருகமணி, காப்பரிசி, மாமன் கை: பதினெட்டாம் பெருக்கு என்றால் அவளுக்கு இவ்வளவும் சேர்ந்ததுதான். போன ஆடியில் புதிதாக வந்திருந்த நகராட்சிப் பொறியாளர், வாய்க்காலைப் பார்வையிட அந்தப் பக்கம் வந்தார். மரியாதைக்காகப் படியில் இறங்கி, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார். குழந்தை குறுக்கே போய் நின்றாள்.

"கையக் காட்டுங்க."

அவர் சிரித்துக்கொண்டே எங்களைப் பார்த்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

"காட்டுங்க சார். இங்க எல்லாரும் காட்டணும்" என்றார் கோவிந்தராசு மாமா.

பொறியாளர் காட்டினார். குழந்தை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று வழிவிட்டாள். நான் அவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வருகிறவன் இல்லை. அவர் கார் ஏறியதும் வாய்க்காலில் இரண்டு பாட்டில் மொண்டுகொண்டுதான் திருச்சிக்குக் கிளம்பினேன்.